வெட்டி இணைக்கப்படும் செய்தி: பரம்பரையலகும் புற்றுநோயும்

"ஜீனில் உள்ள நோயாம்."

கடந்த வருடம் எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த வசனம் இது. என் உம்மும்மாவுக்கு 73 வயது. வாழ்நாளில் ஒரு சிகரட்டைக் கையால் தொட்டதில்லை. வெற்றிலை போடும் பழக்கமும் இல்லை. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு தொடங்கிய இருமல் நிற்கவேயில்லை. எக்ஸ்றே, ஸ்கேன், ஊசியால் எடுத்த சிறு சதைத்துண்டின் பரிசோதனை என்று நீண்டுபோய், சுவாசப்பைப் புற்றுநோய் என்று முடிந்தது. அந்தத் துண்டின் ஒரு பகுதியை மேலதிகப் பரிசோதனைக்காக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களின் பின் அறிக்கை வந்தது. மாமா அதை மேசையில் விரித்து வாசித்தார். "மெற் எக்சோன் 14 ஸ்கிப்பிங்" என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கம் முழுவதிலும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே சொல் "ஜீன்" என்பதுதான். அந்த ஒரு சொல் மட்டும் வீட்டுக்கு வெளியே போய்விட்டது.

அந்த நாட்களில் ராத்தாவுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகத்தான், உம்மாவிடம் கேட்டார்: "ஜீன்ல உள்ள வருத்தம் எண்டு கேள்விப்பட்டோம். பரம்பரையா வருமோ?"

உம்மா என்னைப் பார்த்தார். உயிரியல் படிக்கும் பிள்ளையல்லவா! நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு நான் புத்தகத்தைத் திறந்ததும், அடுத்த நாள் எங்கள் உயிரியல் ஆசிரியையை இடைவேளை முழுவதும் பிடித்து வைத்திருந்ததும் அந்தக் கேள்விக்காகத்தான். அப்போது படித்ததையே இங்கே எழுதுகிறேன். உம்மும்மாவும் ராத்தாவும் எழுதலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். எங்கள் பாடநூல்கள் ஜீனைப் "பரம்பரையலகு" என்கின்றன. அழகான சொல்தான். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் அலகு என்று உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் அந்த அலகு பரம்பரையாகக் கடத்தப்படுவதற்கு மட்டும் இருப்பதல்ல. ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு நாளும் தன் வேலையைச் செய்ய அதைத் திறந்து வாசிக்கிறது. பரம்பரையலகில் ஏற்படும் கோளாறு என்றதும் பரம்பரைக் கோளாறு என்று நாம் கேட்டுக்கொள்வதில் பாதிப் பிழை அந்தச் சொல்லினுடையது.

மனிதக் கலத்தின் கருவினுள் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. அவற்றில் இருக்கும் டி.என்.ஏ.யில், புரதம் செய்வதற்கான பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. ஒரு புரதம் தேவைப்படும்போது அதற்குரிய பரம்பரையலகிலிருந்து ஆர்.என்.ஏ. பிரதி எடுக்கப்படுகிறது. அது தூது ஆர்.என்.ஏ.யாகிக் கருவுக்கு வெளியே வந்து இறைபோசோமில் வாசிக்கப்பட, மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் புரதம் கோக்கப்படுகிறது. இது நாம் எல்லோரும் மனனம் செய்த பகுதி.

1941 இல் பீடில், டேட்டம் ஆகிய இருவரும் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையில் செய்த ஆய்விலிருந்து "ஒரு பரம்பரையலகு, ஒரு நொதியம்" என்ற கருத்து பிறந்தது. பின்னர் அது "ஒரு பரம்பரையலகு, ஒரு புரதம்" என்று பரந்துகொண்டது. தவணைப் பரீட்சையில் நானும் இதை எழுதிப் புள்ளி வாங்கினேன். ஆனால் 20,000 பரம்பரையலகு என்ற எண்ணைப் பாருங்கள். மனித டி.என்.ஏ. முழுவதும் வாசிக்கப்படுவதற்கு முன்னர், நம் உடலில் உள்ள புரதங்களின் எண்ணிக்கைக்கு ஒரு இலட்சம் பரம்பரையலகாவது வேண்டும் என்று பல விஞ்ஞானிகள் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு. குறைந்த பரம்பரையலகுகளைக் கொண்டு இவ்வளவு புரதங்களை உடல் எப்படிச் செய்கிறது?

இதற்கான திறவுகோல் 1977 இலேயே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பிலிப் ஷார்ப்பின் குழுவும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ரொபர்ட்ஸின் குழுவும் தடிமனை உண்டாக்கும் அடினோ வைரஸைத் தனித்தனியாக ஆராய்ந்துகொண்டிருந்தன. வைரஸின் தூது ஆர்.என்.ஏ.யை அதன் டி.என்.ஏ.யோடு சேர்த்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது இரண்டும் ஒழுங்காகப் பொருந்தி நிற்கவில்லை. டி.என்.ஏ.யின் சில பகுதிகள் சோடி கிடைக்காமல் கண்ணிகளாக வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. அதாவது டி.என்.ஏ.யில் இருந்த நீண்ட பகுதிகள் தூது ஆர்.என்.ஏ.யில் இல்லை. யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள்! இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 1993 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெட்டி வீசப்படும் பகுதிகளுக்கு இன்ரோன் என்றும், எஞ்சியிருந்து இணைக்கப்படும் பகுதிகளுக்கு எக்சோன் என்றும் 1978 இல் பெயர் வைத்தவர் வோல்டர் கில்பர்ட். இவ்வாறு வெட்டி இணைக்கும் செயல் ஆங்கிலத்தில் ஸ்பிளைசிங் எனப்படும். நான் இதை வெட்டியிணைப்பு என்று எழுதுகிறேன்.

இது எனக்கு விளங்கியது குளிர்சாதனப்பெட்டியின் கதவில் உம்மா ஒட்டிவிட்டுப் போகும் துண்டுச் சீட்டுகளால்தான். வெளியே போகும் அவசரத்தில் கையில் அகப்படும் கடைப் பற்றுச்சீட்டில், அச்சடித்த கணக்குகளுக்கு இடையே கிடைக்கும் வெள்ளை இடங்களில் எழுதிவிட்டுப் போவார். நான் சீனி, பருப்பு, சவர்க்காரத்தின் விலைகளையெல்லாம் தாண்டி, உம்மாவின் கையெழுத்தை மட்டும் சேர்த்து வாசிக்க வேண்டும். விலைப்பட்டியல் இன்ரோன். உம்மாவின் எழுத்து எக்சோன். ஒரு நாள் இப்படி எழுதியிருந்தார்:

சோற்றை / இறக்கி வை. கறியை / இறக்க வேண்டாம்.

மூன்று துண்டுகள். நடுத் துண்டு விலைப்பட்டியலோடு விலைப்பட்டியலாகக் கலந்து என் கண்ணில் படாமல் போனால் நான் என்ன வாசிப்பேன்? "சோற்றை இறக்க வேண்டாம்." ஒரு சொல்லில்கூட எழுத்துப்பிழை இல்லை. இலக்கணமும் சரி. ஆனால் சோறு அடிப்பிடித்துவிடும். இதை நினைவில் வைத்திருங்கள். இனி வரப்போவது எல்லாம் ஏறக்குறைய இதுதான்.

கலத்தினுள் இந்த வாசிப்பைச் செய்வது ஸ்பிளைசியோசோம் எனும் மிகப்பெரிய கூட்டமைப்பு. ஐந்து சிறிய ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் சேர்ந்தது அது. இந்தச் சிறிய ஆர்.என்.ஏ.க்களின் வேலையைக் கண்டுகொண்டவர்களில் முதன்மையானவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஸ்டைட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி. லூபஸ் நோயாளிகளின் குருதியில் இருந்த பிறபொருளெதிரிகளைத் தூண்டிலாகப் பயன்படுத்தி 1980 அளவில் இதைச் செய்தார். எங்கள் வகுப்பில் மருத்துவம், பொறியியல் என்று மட்டும் கனவு காணும் தோழியருக்காக இதை ஓர் இடைக்குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

ஸ்பிளைசியோசோம் எங்கே வெட்டுவது என்று எப்படி அறிகிறது? அநேகமாக ஒவ்வோர் இன்ரோனும் டி.என்.ஏ.யில் குவானின், தைமின் என்ற இரு எழுத்துகளில் தொடங்கி, அடெனின், குவானின் என்ற இரு எழுத்துகளில் முடிகிறது. இவையும் இவற்றை அண்டிய சில எழுத்துகளும்தான் வெட்டும் அடையாளங்கள். பட்டியல் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று கோடு கீறி வைத்தது போல.

எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி வெட்டுவதில்லை. இதுதான் மாற்று வெட்டியிணைப்பு. ஒரே பரம்பரையலகிலிருந்து தைரொயிட்டுச் சுரப்பி, கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் கல்சிற்றோனின் என்ற ஓமோனைச் செய்கிறது. நரம்புக் கலங்கள் அதே பரம்பரையலகை வேறு விதமாக வெட்டி, குருதிக் குழாய்களை விரியச் செய்யும் முற்றிலும் வேறொரு பொருளைச் செய்கின்றன. 2008 இல் வெளியான ஆய்வுகள், ஒன்றுக்கு மேற்பட்ட எக்சோன்களைக் கொண்ட மனிதப் பரம்பரையலகுகளில் ஏறத்தாழ 95 சதவீதமானவை இவ்வாறு பல விதமாக வெட்டி இணைக்கப்படுகின்றன என்று காட்டின. 20,000 பரம்பரையலகு எப்படிப் போதுமாகிறது என்ற கேள்விக்கு இதில் பெரும் பங்கு விடை இருக்கிறது.

இவ்வளவு சுதந்திரம் இருக்கும் இடத்தில் ஆபத்தும் இருக்கும்தானே.

பி.சி.எல்.எக்ஸ். என்ற பரம்பரையலகைப் பாருங்கள். 1993 இல் இது விவரிக்கப்பட்டபோது, இதிலிருந்து நீண்டது ஒன்றும் குறுகியது ஒன்றுமாக இரு புரதங்கள் உண்டாவது தெரியவந்தது. குறுகியதில் 63 அமினோ அமிலங்கள் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நீண்ட புரதம் கலத்தைச் சாகவிடாமல் காக்கிறது. குறுகியதோ கலம் சாவதற்குத் துணைபோகிறது. பழுதடைந்த கலங்கள் தாமாகவே இறந்துவிடுவது உடலின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்று. பல புற்றுநோய்க் கலங்களில் நீண்ட வடிவமே மிகுந்து காணப்படுகிறது. இறக்க வேண்டிய கலம் இறப்பதில்லை. சோறும் அடுப்பும் எனக்கு இங்கேதான் முதலில் நினைவுக்கு வந்தன.

சில வேளைகளில் வெட்டும் கருவியே பழுதாகிவிடுகிறது. ஸ்பிளைசியோசோமின் ஓர் உறுப்பான எஸ்.எஃப்.3பி1 என்ற புரதத்தின் பரம்பரையலகில் விகாரங்கள் இருப்பது, எலும்பு மச்சையைத் தாக்கும் சில குருதி நோய்களில் 2011 இல் கண்டுபிடிக்கப்பட்டது. கருவி பழுதானால் ஒரு செய்தி அல்ல, பல செய்திகள் ஒரே நேரத்தில் பிழையாக வெட்டப்படுகின்றன. இன்னும் சில வேளைகளில் புற்றுநோய்க் கலம் மருந்திலிருந்து தப்பவும் இதே வழியைப் பயன்படுத்துகிறது. ஆண்களுக்கு வரும் புரஸ்தச் சுரப்பிப் புற்றுநோயில், மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய பகுதியே இல்லாத ஒரு குறுகிய புரதத்தைச் சில கலங்கள் செய்துகொள்கின்றன. பூட்டு இல்லாத கதவில் திறப்பால் என்ன பயன்?

இனி உம்மும்மாவின் அறிக்கையில் இருந்த அந்த வரிக்கு வருவோம்.

மெற் என்பது 7ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகு. 21 எக்சோன்களைக் கொண்டது. இது செய்யும் புரதம் கலத்தின் மேற்பரப்பில் நின்று, "வளர், பிரி" என்ற கட்டளையை வெளியிலிருந்து வாங்கி உள்ளே கொடுக்கிறது. முளைய வளர்ச்சிக்கும் காயங்கள் ஆறுவதற்கும் இது அவசியம். கட்டளையைக் கொடுத்து முடிந்ததும் இந்தப் புரதத்தை அகற்றிவிட வேண்டும். அகற்றும் நொதியம் வந்து பிடித்துக்கொள்ள ஒரு பிடி தேவை. அந்தப் பிடி, 14ஆம் எக்சோன் எழுதும் பகுதியில் இருக்கிறது.

14ஆம் எக்சோனின் இரு பக்கமும் உள்ள வெட்டும் அடையாளங்களில் ஒன்று விகாரத்தால் அழிந்துவிட்டால் ஸ்பிளைசியோசோம் அந்த எக்சோனைக் காணாமல், 13ஐ நேரே 15உடன் இணைத்துவிடுகிறது. ஸ்கிப்பிங் என்பது இந்தத் தாண்டல்தான். தாண்டப்படும் எக்சோனில் 141 எழுத்துகள். மூன்றால் வகுத்துப் பாருங்கள்: மீதியின்றி 47. ஆகவே மூன்று மூன்றாக வாசிக்கும் ஒழுங்கு குழம்புவதில்லை. 47 அமினோ அமிலங்கள் குறைந்த, மற்றெல்லாம் சரியான ஒரு புரதம் உண்டாகிறது. மீதி வந்திருந்தால் செய்தி நடுவில் உளறிப்போய்ப் புரதமே பயனற்றதாகியிருக்கும். தீங்கு ஒருவேளை அத்தோடு நின்றிருக்கும். இந்தக் கணக்கைக் கொப்பியில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிடி இல்லாத புரதம் மேற்பரப்பிலேயே தங்கி, அழுத்திய பொத்தான் உள்ளே சிக்கிய அழைப்பு மணி போல, "வளர், வளர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சிறியகலமல்லாத வகைச் சுவாசப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேரில் இது காணப்படுகிறது. அவர்கள் பெரும்பாலும் எழுபது வயதை அண்டியவர்கள். ஒரு நாளும் புகைக்காதவர்களும் அவர்களில் கணிசமாக உள்ளனர். (இதைப் படித்துவிட்டு யாரும் புகைத்தல் பரவாயில்லை என்று எண்ண வேண்டாம். சுவாசப்பைப் புற்றுநோய்க்கு இன்றும் முதற் காரணம் புகைத்தலே. உம்மும்மாவைப் பற்றி, "என்னவோ ஒரு பழக்கம் இருந்திருக்கும்" என்று பேசியவர்களுக்காகத்தான் இதை எழுதினேன்.) இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த விகாரம் பல வேளைகளில் இருப்பது புரதத்தை எழுதும் எக்சோனில் அல்ல, வெட்டி வீசப்படும் இன்ரோனின் ஓரத்தில். எக்சோன்களை மட்டும் வாசிக்கும் பரிசோதனை இதைத் தவறவிடக்கூடும். அதனால்தான் சில ஆய்வுகூடங்கள் ஆர்.என்.ஏ.யையும் சேர்த்து வாசிக்கின்றன.

சரி, அந்தப் பெரியவரின் கேள்வி: பரம்பரையாக வருமா?

நம் பிள்ளைகளுக்குச் சென்றடைவது சூல், விந்து ஆகியவற்றிலுள்ள டி.என்.ஏ. மட்டுமே. மெற் எக்சோன் 14 விகாரம் ஏற்படுவது, பிறந்து பல ஆண்டுகள் கழித்து, சுவாசப்பையின் ஏதோ ஒரு கலத்தில். அந்தக் கலமும் அதிலிருந்து பெருகிய கலங்களும் மட்டுமே அதைச் சுமக்கின்றன. உம்மும்மாவின் கையிலிருந்தோ கன்னத்திலிருந்தோ ஒரு கலத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே அந்த மாற்றம் இராது. என் உம்மா பிறக்கும்போது அது உம்மும்மாவின் உடலிலேயே இருக்கவில்லை. இல்லாத ஒன்றை எப்படிக் கொடுத்திருக்க முடியும்?

பரம்பரையாக வரும் புற்றுநோயே இல்லையா என்றால், உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.ஆர்.சி.ஏ.1 என்ற பரம்பரையலகில் பிறப்பிலேயே இருக்கும் விகாரங்கள் மார்பு, சூலகப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவற்றில் சில, இங்கே நான் விவரித்தது போல வெட்டும் அடையாளத்தைக் கெடுப்பவையே. அத்தகைய விகாரம் உள்ள தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்பட இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் மார்புப் புற்றுநோய்கள் எல்லாவற்றிலும் இவ்வாறு பரம்பரையாக வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். கடத்தப்பட்டாலும் அது நோய் அல்ல, நோய்க்கான கூடிய வாய்ப்பு மட்டுமே. ஆகவே பெற்றோரே, எந்த வீட்டிலாவது "ஜீன்" என்று கேள்விப்பட்டால், பிறப்பிலிருந்தே எல்லாக் கலத்திலும் உள்ளதா, கட்டியில் மட்டும் உள்ளதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாமல் எங்கள் வீட்டில் நான்கு மாதம் அழுதிருக்கிறோம்.

இந்தத் தாண்டலுக்கென்றே மாத்திரைகள் உண்டு. 2020 மார்ச்சில் ஜப்பானில் டெபோட்டினிப்பும், அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் கப்மாட்டினிப்பும் அனுமதி பெற்றன. சிக்கிய அழைப்பு மணியின் சத்தத்தைக் கலத்தின் உள்ளே நிறுத்துவது போன்றது அவற்றின் வேலை. டொக்டர் இதை விளக்கியபோது எங்களுக்குப் பெரிய ஆறுதல். மாமா விலையை விசாரித்துவிட்டு வந்து சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. உம்மும்மாவுக்கு இப்போது வழமையான சிகிச்சைதான் நடக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது, பசியும் குறைந்திருக்கிறது.

ஒரு நாள் இரவு அவருடைய கட்டிலில் உட்கார்ந்து, உம்மாவின் சீட்டை அப்படியே எழுதி, நடுத் துண்டை விரலால் மறைத்துக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப எனக்கு வந்தது உங்க உம்மாக்கு வராதா மகள்?"

"புற்றுநோய் ஆருக்கும் வராது எண்டு சொல்ல ஏலா, உம்மும்மா. ஆனா உங்கட இந்தப் பிழை உம்மாக்கு வரல்ல. ராத்தாக்கும் வரல்ல."

"அப்ப இத என்னத்துக்கு எனக்குச் சொல்லிக்கொண்டு இரிக்கிற? அந்த வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லச் சொல்லுங்க."

உம்மா அடுத்த நாள் காலை எடுத்தார். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க நான் தயாராக இருந்தேன். தேவைப்படவில்லை. சோற்றுக் கதையை உம்மா என்னைவிட நன்றாகச் சொன்னார்.